சிகரெட், பீடிப் பழக்கத்தைக் கைவிடுவதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி உதவும்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், சர்க்கரை, ரத்த அழுத்தப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வருபவர்களுக்கு பிரஷர் பார்க்கும்போதே "தம் அடிப்பீங்களாண்ணே?" என்று கேட்டுவிடுவது வழக்கம். அதற்குப் பதிலாக வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

சிஸ்டர், சிகரெட்டை விடறதுக்கெல்லாம் இங்க வரலாமா? காய்ச்சல், தடுப்பூசி, கர்ப்பிணிங்களுக்குத்தானே இந்த ஆஸ்பத்திரி?

தாராளமாக வரலாம். புகையிலைக்கு அடிமையாவதை மருத்துவம் ஒரு நோயாகத்தான் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08லேயே தொடங்கிவிட்டது. வேறு ஏதாவது நோயைச் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டு போடும்போது "சிகரெட் விடணும்" என்று சொன்னாலே போதும். காசு எதுவும் கிடையாது. பகலில் வேலையை விட்டு வர முடியாதவர்கள், மாலையிலும் திறந்திருக்கும் நகர்ப்புற நலவாழ்வு மையத்துக்குப் போகலாம்.

நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போய்விடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தை விடுவதற்கு ஒருமுறை பார்த்தால் போதாது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அப்புறம் ஒரு மாதம் கழித்து என்று யாராவது விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடந்து வரும் தூரத்தில் உள்ள இடம்தான் அதற்குச் சரிப்படும். எங்களால் முடியாத கட்டம் வந்தால் நாங்களே ஸ்டான்லிக்கு எழுதித் தருவோம்.

வந்தா என்ன பண்ணுவீங்க? டாக்டரம்மா திட்டுவாங்களா?

திட்ட மாட்டார்கள். முதலில் சில கேள்விகள் கேட்போம். அதில் முக்கியமானது, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் என்றால், ஒரு நாளைக்கு எத்தனை பிடித்தாலும் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று அர்த்தம். பல்கூடத் தேய்க்காமல் ஒன்றைப் பிடித்தால்தான் கக்கூஸுக்கே போக முடியும் என்று சொல்பவர்கள் இந்த வகை. அவர்களை "மனச திடமா வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது. பெரும்பாலும் மருந்தும் தேவைப்படும்.

அப்புறம், எந்த நேரத்தில், யாரோடு, எந்த இடத்தில் கை போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். இரண்டு வாரத்துக்குள் விடுவதற்கு ஒரு தேதி குறிப்போம். சம்பள நாள், கல்யாணம், காதுகுத்து வரும் தேதியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்கு முந்தின இரவே வீட்டில் உள்ள பாக்கெட், லைட்டர், ஆஷ்டிரே எல்லாம் வெளியே போய்விட வேண்டும். முதல் வாரத்திலேயே ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போம். அந்த வாரம்தான் பலரும் தடுமாறுவது.

நான் சிகரெட் இல்ல, பீடிதான். இலைதானே அது, அவ்ளோ கெடுதல் இருக்காதுல்ல?

சிகரெட்டை விட பீடி எந்த வகையிலும் லேசானது இல்லை. பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் தூள் கொஞ்சம்தான் என்றாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விட அதிகமாகவே நுரையீரலுக்குப் போகின்றன. ஃபில்டரும் கிடையாது. முன் பதிலில் சொன்னதெல்லாம் பீடிக்கும் அப்படியே பொருந்தும்.

முப்பது வருஷமா அடிக்கிறேன். உள்ள எல்லாம் போயிருக்கும். இனிமே விட்டு என்ன ஆகப்போவுது?

கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்திலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிடும். சில வாரங்களில் மாடிப்படி ஏறும்போது வித்தியாசம் தெரியும். ஒரு வருடத்தில், புகைப்பதால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்பவருடையதில் சுமார் பாதிக்கு வந்துவிடும்.

ஏற்கனவே சிதைந்துபோன நுரையீரல் முழுதாகத் திரும்பாது, அது உண்மைதான். ஆனால் மேற்கொண்டு சிதைவது குறையும். அறுபது வயதில் விட்டவர்களுக்கும் ஆயுள் கூடுகிறது. "காலம் போயிடுச்சு" என்று என்னிடம் சொல்பவர்களில் பலர் ஐம்பதைக்கூடத் தாண்டாதவர்கள். கேட்கவே எனக்கு வருத்தமாக இருக்கும்.

எண்ணூர், மணலியில கம்பெனி புகையைத்தான் ராத்திரி பகலா இழுக்கிறோம். இதுல என் ஒரு சிகரெட்டுதான் கேடா?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, நாள் முழுக்க ஓடும் கன்டெய்னர் லாரிகள் என்று இந்தப் பகுதி சுமப்பது அதிகம். அதற்காகக் கேள்வி கேட்க வேண்டியதும் போராட வேண்டியதும் அவசியம்.

ஆனால் உடம்பைப் பொறுத்தவரை ஒரு கெடுதல் இருப்பதால் இன்னொன்று சும்மா இருந்துவிடுவதில்லை. இரண்டும் சேர்ந்து அதே மூச்சுக்குழாயைத்தான் தாக்குகின்றன. காற்று கெட்ட ஊரில் இருப்பவருடைய நுரையீரலுக்குத் தாங்கும் சக்தி ஏற்கனவே குறைந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்களை விட நமக்குத்தான் விட வேண்டிய தேவை அதிகம் என்பேன்.

ஒரேயடியா விடணுமா? ஒரு நாளைக்கு ரெண்டா குறைச்சுட்டேன், அது போதாதா?

குறைத்தது நல்ல தொடக்கம், அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு உண்டாகும் கூடுதல் இதய நோய் அபாயம், இருபது பிடிப்பவருடையதில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று காட்டியது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தக்குழாயில் அந்தக் கணக்கு செல்லாது.

குறைத்தவர்கள், மிச்சமிருக்கும் இரண்டை இன்னும் ஆழமாக, ஃபில்டர் சுடும்வரை இழுப்பதும் உண்டு. அந்த இரண்டுக்கும் ஒரு முடிவுத் தேதி குறித்துக்கொண்டு வாருங்கள்.

விட்டு மூணு நாள்தான் ஆச்சு. தூக்கம் இல்ல, எரிச்சல், பொண்டாட்டி புள்ளைங்க மேல பாயறேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது. இப்படியே இருக்குமா?

இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். அதன்பின் தணியத் தொடங்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கிவிடும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்தை மட்டும் கடத்துங்கள். இருக்கும் இடத்தை விட்டு எழுந்து நடங்கள், ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள், கிராம்போ சீரகமோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், முதல் சில வாரம் இருமல் கூடுவது, அதிகப் பசி இதெல்லாம்கூட வரலாம். எடை ஒரு வருடத்தில் நான்கைந்து கிலோ கூடுவது சகஜம், புகையால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் அது சிறிது.

படபடப்பைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை, டீ காபியில் உள்ள கஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்ற வைக்கும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் நின்றுவிடுகிறது. ஆறு டீ குடித்துப் பழகியவருக்கு, அதே ஆறு டீ இப்போது இரண்டு மடங்கு போல வேலை செய்யும். தூக்கமின்மை, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும். அவர் அதை "சிகரெட் இல்லாமல்தான் இப்படி ஆகுது" என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பார். விடுகிற நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். டீக்கடை வாசலில் நிற்கும் நேரமும் அதோடு குறையும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம்னு குடுக்கறாங்களே, அதுவும் நிக்கோட்டின்தானே? ஒண்ணு மென்னேன், தொண்டை எரிஞ்சு விக்கல் வந்துடுச்சு.

நிக்கோட்டின்தான். நம்மை அடிமையாக்குவது நிக்கோட்டின் என்றாலும், புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருவது முக்கியமாக எரியும் புகை. அதில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபதளவு புற்றுநோய் உண்டாக்குபவை. புகை இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்து, பிறகு அதையும் படிப்படியாக நிறுத்துவதுதான் முறை. விட்டுவிடும் வாய்ப்பு இதனால் சுமார் ஒன்றரை மடங்காகிறது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022இல் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

விக்கல் வந்தது மெல்லும் முறையால். இதைச் சாதாரண பபிள்கம் போல மெல்லக் கூடாது. மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். மிளகு பட்டது போல நாக்கு லேசாகச் சுறுக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அந்தச் சுறுக்கு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, இந்த முறை மறுபக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். எச்சிலோடு விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய்விடும், எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். மெல்லும் முன் கால் மணி நேரத்துக்கும் மெல்லும்போதும் டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், கூல்டிரிங்ஸ் வேண்டாம். அவை வாயில் நிக்கோட்டின் ஏறுவதைத் தடுத்துவிடும்.

2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு 4 மி.கி. சரியாக இருக்கும். அதை டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், பிறகு குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாதத்தில் முடிப்பது வழக்கம். நாளைக்கு இரண்டு மூன்று மட்டும் மென்றுவிட்டு "இது வேலைக்காவல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த அளவு அவர்களுக்குப் போதவில்லை என்பதுதான் விஷயம். கையிருப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. இல்லாவிட்டால் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாங்கலாம்.

மாத்திரை ஏதாச்சும் இல்லியா?

புப்ரோபியான், வரெனிக்லின் என்று இரண்டு உண்டு. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டதை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நான் விசைப்படகுல போறவன். கடலுக்குப் போனா பத்து நாள் ஆகும். ராத்திரி வலை இழுக்கும்போது பீடி இல்லாம முடியாது. எனக்கு எப்படி?

காசிமேட்டிலிருந்து வரும் அண்ணன்களுக்கு நான் சொல்வது, மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்துங்கள் என்பதுதான். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். ராத்திரி முழிப்பு இல்லை, ஒவ்வொரு வாரமும் எங்களிடம் வர முடியும். உடம்பு நிக்கோட்டின் இல்லாமல் பழக ஒரு மாதம் போதும் என்று மேலே சொன்னேன். தொடக்கத்திலேயே தேதி குறித்தால், மறுபடி கடலில் இறங்கும்போது உடம்பின் தொல்லை முடிந்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் வருமானம் இல்லாத கவலையும் உண்டு. வலை பின்னும் இடத்திலும் சீட்டாடும் இடத்திலும் சும்மா உட்கார்ந்து கூடுதலாகப் பிடித்துவிடுவதும் உண்டு. உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், கூட வேலை செய்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு விடுங்கள்.

தடைக்காலம் வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை. படகு ஏறும்போது பீடிக் கட்டுக்குப் பதில், போகிற நாளுக்குக் கணக்குப் போட்டு நிக்கோட்டின் கம்மை எடுத்துப் போகலாம். ஈரம் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். தோலில் ஒட்டும் பேட்ச் வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் உரிந்துவிடலாம், அதனால் கடல் வேலைக்குக் கம்தான் வசதி. நடுக்கடலில் பெட்டிக்கடை கிடையாது என்பதும் உங்களுக்குச் சாதகம். கூட வருபவர்களிடம் "கேட்டாலும் குடுக்காதீங்கப்பா" என்று கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டேன். கழட்டின அன்னிக்கே ஆரம்பிச்சுடறேன். ஏன் இப்படி?

நீங்கள் கஷ்டமான பகுதியை ஏற்கனவே தாண்டியவர். அத்தனை நாள் விரதத்தில் உடம்பிலிருந்து நிக்கோட்டின் எப்போதோ போயிருக்கும். மாலை கழற்றும் நாளில் உங்களைப் பிடித்து இழுப்பது உடம்பு இல்லை. "அன்று அடிக்கலாம்" என்று முதல் நாளே மனதில் போட்டு வைத்த கணக்குதான் இழுக்கிறது.

அடுத்த முறை மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு எங்களிடம் வாருங்கள். கழற்றும் நாளில் எங்கே இருப்பீர்கள், மலையிலிருந்து திரும்பும் வண்டியில் யார் நீட்டுவார்கள், என்ன சொல்வீர்கள் என்று பேசி வைப்போம். விரத நாட்களில் "சாமி, வேணாம்" என்று எளிதாகச் சொல்ல முடிகிறது, எதிரில் இருப்பவரும் மதிக்கிறார். அதன்பிறகும் சொல்வதற்கு ஒரு வார்த்தை தயாராக இருக்க வேண்டும். "டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க, வேணாம்" என்பது பலருக்கும் கைகொடுக்கிறது.

எங்க வீட்டுக்காரர் எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்றாரு. வீடு ஒரே ரூம். சின்னக் குழந்தை வேற இருக்கு.

அக்கா, முதலில் குழந்தை. அந்தப் புகையில் குழந்தைக்கு வீசிங், நெஞ்சு சளி, காது வலி வரும் வாய்ப்பு கூடும். ஜன்னலைத் திறந்து வைத்தாலோ ஃபேன் போட்டாலோ சரியாகாது. கர்ப்பமாக இருப்பவர்கள் சுவாசித்தால் குழந்தையின் எடை குறையலாம். "நீ விடறியோ இல்லியோ, வீட்டுக்குள்ள மட்டும் வேணாம்" என்ற இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். வீட்டுக்குள் நிறுத்தியவர்கள் பின்னால் மொத்தமாக விடுவதும் எளிதாகிறது.

அவரை விடச் சொல்லி அழைத்து வர வேண்டாம். பிரஷர், சுகர் பார்க்க அழைத்து வாருங்கள், மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். வரவே மாட்டார் என்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லி வையுங்கள். இந்தியாவில் 2016-17இல் எடுத்த கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விட வேண்டும் என்று நினைப்பதாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரரும் வெளியே சொல்லாமல் அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சிகரெட்டுக்குப் பதிலா மாவா போட்டுக்கறேன். இல்லன்னா அந்த எலக்ட்ரிக் சிகரெட்டு?

மாவாவில் இருப்பது பாக்கும் புகையிலையும். இரண்டுமே வாய்ப் புற்றுநோய்க்கு நேர் காரணங்கள். பாக்கு வாய் திறக்க முடியாமல் இறுகவும் வைக்கும். மின்னணு சிகரெட்டின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றையும் 2019 சட்டம் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. திருட்டுத்தனமாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டாம்.

எனக்குப் பதினேழு வயசு. நான் வந்தா வீட்ல சொல்லிடுவீங்களா?

நீ வந்து பேசுவதை நாங்கள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம் தம்பி. பயப்படாமல் வா. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்பது கடைக்காரர் செய்யும் குற்றம். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணுக்குப் பேசு. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அவர்களே திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பார்கள். பெரியவர்களுக்கும் இதே எண்தான்.

ஏற்கனவே நிறைய மாத்திரை சாப்பிடறேன். விட்டா அதுல ஏதாச்சும் மாறுமா?

சிலருக்கு மாறும், அதனால் விட்ட தேதியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டீயைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். வீசிங்குக்குக் கொடுக்கும் தியோஃபிலின், மனநலத்துக்குக் கொடுக்கும் க்ளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்துகளையும் புகை வேகமாகக் கரைத்துவிடும். விட்டபின் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் மருந்து வாங்குபவர்கள் அங்கேயும் சொல்ல வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் முதல் சில வாரம் சுகரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.பி. மருந்து சாப்பிடுபவர்கள் மற்ற எல்லோருக்கும் முந்தி விட வேண்டும். புகைப்பவருக்கு டி.பி. வரும் அபாயமே இரண்டு மடங்குக்கு மேல். குணமானபின் திரும்ப வருவதற்கும் புகை வழிவிடும்.

ரெண்டு மாசம் நல்லா இருந்தேன். ஒரு சாவு வீட்ல ஒண்ணு அடிச்சுட்டேன். திரும்ப முதல்லேர்ந்தா?

இல்லை. அந்த இரண்டு மாதத்தில் உடம்புக்குக் கிடைத்தது ஒரு சிகரெட்டில் போய்விடாது. "போச்சு, இனி என்ன" என்று மறுநாள் ஒரு பாக்கெட் வாங்குவதுதான் ஆபத்து. அன்றைக்கோ அடுத்த நாளோ வாருங்கள். சாவு வீடு, பாட்டில் திறக்கும் இடம், சண்டை நடந்த ராத்திரி, இவைதான் பெரும்பாலும் சறுக்கும் இடங்கள். குடிக்கும்போதுதான் கை போகிறது என்றால், சில மாதம் அதையும் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். பலரும் பல முறை முயன்ற பிறகுதான் முழுதாக விட்டிருக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சுகர் மாத்திரை வாங்கவும் வராமல் நின்றுவிடாதீர்கள். அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிகரெட் போயிடுச்சு, ஆனா இப்ப அந்த கம்மை விட முடியல. அஞ்சு மாசம் ஆச்சு.

சிலருக்கு மூன்று மாதத்தைத் தாண்டிப் போவதுண்டு. திரும்பப் புகைப்பதை விட இது எவ்வளவோ மேல், அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். முதலில் ஒன்றைப் பாதியாக வெட்டிப் போடுங்கள். அடுத்த வாரம் ஒன்று விட்டு ஒன்றுக்குச் சர்க்கரை இல்லாத சாதாரண சூயிங்கம் போடுங்கள். காலையில் எழுந்ததும் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் விடக் கடினமானது. மெல்லும் கணக்கை ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை பிரஷர் பார்க்க வரும்போது கொண்டுவந்தால் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்வோம்.